லாபம், ரெண்டு, மூணு

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. சிவசங்கரன் அதை அணைத்துவிட்டு எழுந்தான். குடிதண்ணீர்க் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துப் பல் தேய்த்தான். குழாயில் தண்ணீர் நின்று ஒரு நாள் ஆகிறது. கரண்ட் போய் இரண்டு நாள். போனில் சார்ஜ் முப்பத்தொன்று. பால் வரவில்லை. பவுடர் பாலில் காபி கலந்தான், இரண்டு டம்ளர். ஒன்றை மாமியாருக்காக மூடி வைத்தான். இன்னொன்றை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தான். நேற்று மாலை தண்ணீர் செக்யூரிட்டி அறையின் ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. இப்போது ஜன்னல் இல்லை. காபியைக் குடித்து முடித்தான். டம்ளரைத் துணியால் துடைத்துக் கவிழ்த்தான்.

பெங்களூரில் வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இருந்தது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏரியைப் பார்த்த வீடுகள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மூன்று நாள் மழையில் இப்போது எல்லா வீடும் ஏரியைப் பார்த்துத்தான் நின்றது.

சமையலறையில் சொர்ணம் அரிசி அளந்துகொண்டிருந்தாள். அவன் மனைவி அனுஷாவின் அம்மா. குடியாத்தத்திலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. அளக்கும்போது அவள் ஒன்று என்று சொல்ல மாட்டாள். முதல் அளவுக்கு எப்போதும் லாபம் என்றுதான் பெயர். அதற்கப்புறம்தான் ரெண்டு.

"லாபம்," என்றாள். அரிசி பாத்திரத்தில் விழுந்தது. "ரெண்டு." கொஞ்சம் நிறுத்தி, "மூணு."

அவன் வாசற்படியில் நின்றான்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு அத்தை மூணு?"

"மூணா?" அவள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டுதானே போட்டேன் மாப்பிள்ளை."

"மூணு போட்டீங்க. எண்ணினீங்க."

அவள் ஒரு அளவை எடுத்து டப்பாவில் திரும்பக் கொட்டினாள். மூடியைக் கையில் எடுத்தாள். பிறகு, எதையோ மறந்துவிட்டவள்போல, அதே அளவை மறுபடி முகந்து பாத்திரத்தில் போட்டுவிட்டு டப்பாவை மூடினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் செய்தது.

நாளை மறுநாள் அனுஷாவின் வருஷத் திதி. உடம்பு கிடைக்கவில்லை. போன வருடம் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் முடைந்து அதைத்தான் எரித்தார்கள். தீப்பிடிக்க வெகுநேரம் ஆயிற்று. புல் ஈரமாக இருக்கிறது என்றார் சாஸ்திரிகள். கடையில் வாங்கிய காய்ந்த புல்.

"நேத்து சிக்னல் இருந்தப்போ அந்த போட்காரர் பேசினாரு," என்றாள் சொர்ணம், அரிசியைக் களைந்தபடி.

"யாரு?"

"கோவிந்தராஜன். அவர்தான். போட்டையும் புடுங்கிக்கிட்டாங்களாம், கேஸும் நடக்குதாம். ஆம்பள அழுவுறாரு மாப்பிள்ளை. 'பன்னெண்டு எண்ணினேம்மா, பன்னெண்டு சரியா இருந்துச்சு'ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு."

அவன் துடைத்த டம்ளரை எடுத்து மறுபடி துடைத்தான்.

"பன்னெண்டு சரியா இருந்துச்சுன்னா எம்பொண்ணு ஏறியிருக்கணும் இல்ல? ஏறினவ எங்க போனா?"

"அவர் தப்பா எண்ணியிருப்பார் அத்தை."

"இருக்கும்." களைந்த தண்ணீரைக் கொட்டாமல் வாளியில் சேர்த்தாள். "கடைசியா அவ என்ன சொன்னா? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"'இங்கயே இருந்துடலாம் போல இருக்கு'ன்னா."

"ம். அப்படியா சொன்னா."

அது கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் முடிப்பாள். அந்தப் பதிலை அவன் ஒரு போலீஸ் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால் மணி நேரத்தில் உண்டாக்கினான். அதைப் பிடித்துக்கொண்டுதான் சொர்ணம் ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறாள். அது பொய் என்று தெரிந்தால் அவளை அவனால் பார்க்க முடியாது. அதோடு நிற்காது. கோவிந்தராஜன் நிற்கும் கூண்டில் அவன் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நடந்தது சின்ன விஷயம். எல்லாரும் செய்யக்கூடியது.

ஆபீஸ் டீமில் ஆறு ஜோடி. அந்தமானில் ஒரு நாளைக்குத் தனிப் படகு, மூன்று தீவு, மதியச் சாப்பாட்டோடு. கோவிந்தராஜன் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். காலையில் ஏறும்போது எண்ணினார். ஏணிக்குப் பக்கத்து இருக்கையில் அனுஷா உட்கார்ந்திருந்தாள், பெரிய ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு. அவளைக் காட்டி, "லாபம்," என்றார்.

"அது ஏன் மேடம் மட்டும் லாபம்?" என்று மேனேஜர் ஹரிஷ்குமார் கேட்டான்.

"தண்ணி மேல ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம் சார். சொன்னா யாராச்சும் ஒத்தையா நின்னுடுவாங்க."

அனுஷா சிவசங்கரனின் விலாவில் இடித்தாள். "கேட்டுக்கோ சிவா. நான் லாபம்."

"நஷ்டம் யாருக்குன்னு சாயங்காலம் தெரியும்," என்றான் அவன். படகே சிரித்தது. அவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக.

எல்லாவற்றிலும் தாமதம்தான். தினமும் காலையில் ஆபீஸ் வேனின் படியில் ஒரு காலை வைத்து நின்று, டிரைவரிடம் பல்லைக் காட்டி, "வந்துட்டே இருக்கா" என்று சொல்லி நிறுத்தி வைப்பது அவன் வேலை. மூன்று வருடமாக. முதல் தீவில் அவளுக்காக எல்லாரும் இருபது நிமிடம் காத்திருந்தார்கள். இரண்டாவதில் அரை மணி. "உன் வொய்ஃப் எந்த டைம் ஜோன்ல இருக்காங்க சிவா?" என்றான் ஹரிஷ்குமார். மூன்றாவதைத் தீவு என்றே சொல்ல முடியாது, வெள்ளை மணல் திட்டு. ஒரு மரம் கிடையாது. தண்ணீர் ஏறுகிறது, கிளம்பவேண்டும் என்று கோவிந்தராஜன் கூப்பிட்டார். எல்லாரும் ஏறியாகிவிட்டது. இவன்தான் திட்டின் மறுபக்கம் போய்க் கூப்பிட்டான். முழங்கால் தண்ணீரில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே ஒரு வார்த்தை சொன்னாள். அவன் வந்துவிட்டான்.

அவள் இருக்கையில் அவள் பை இருந்தது. பைமேல் துண்டு. துண்டின் மேல் தொப்பி. கோவிந்தராஜன் நங்கூரக் கயிற்றை இழுத்தபடியே மோவாயால் எண்ணினார். "லாபம்," தொப்பியைப் பார்த்து. "ரெண்டு," அவனைப் பார்த்து. பன்னிரண்டு வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்துக்கொண்டே கேட்டார். "மேடம் தூங்கிட்டாங்களா சார்?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

பத்து நிமிடம் நிற்கட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். திட்டைச் சுற்றி வளைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவன் வாயைத் திறக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. திரும்பிப் போனபோது திட்டு இல்லை. வேலியேற்றத்தில் மூழ்கும் திட்டு அது என்று கோவிந்தராஜனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. விசாரணையில், என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஒன்பதரைக்கு மழை விட்டது. கீழேயிருந்து விசில் சத்தம் வந்தது. ரப்பர் படகு வந்திருக்கிறது, இந்த பிளாக்கில் மிச்சம் இருப்பவர்கள் முதல் மாடிப் படிக்கட்டுக்கு வரவேண்டும், ஆளுக்கு ஒரு பை.

சொர்ணம் அடுப்பை அணைத்தாள். சோறு பாதி வெந்திருந்தது. மூடிவைத்தாள். திதிக்கு வாங்கிய சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டாள். சிவசங்கரன் சான்றிதழ்க் கோப்பையும் மடிக்கணினியையும் எடுத்தான். செருப்பு மாட்டும்போது உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

குளியலறையில். குவளையால் மொண்டு ஊற்றும் சத்தம். ஒரு குவளை, இடைவெளி, இன்னொரு குவளை. அவசரமில்லாமல், வெந்நீரில் அலுப்புத் தீரக் குளிக்கிறவர்கள் ஊற்றுவதுபோல. குழாயில் தண்ணீர் கிடையாது. குளியலறை வாளி சமையலறையில் அவன் கண்ணெதிரே இருந்தது, அரிசி களைந்த தண்ணீரோடு.

"அத்தை, உங்களுக்குக் கேக்குதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வாங்க."

"இருங்க," என்றாள் சொர்ணம். வாசலில் நின்று வீட்டுக்குள் பார்த்தாள். எதையோ விட்டுவிட்டதுபோல. அவள் தேடியது பொருள் இல்லை, ஆள் என்று அவனுக்குப் பட்டது. அவளை வெளியே நகர்த்திக் கதவைச் சாத்தினான். சாவியைத் திருப்பினான். உள்ளே ஊற்றும் சத்தம் நின்றது.

மூன்றாவது மாடியிலிருந்து படிக்கட்டு இருட்டாக இறங்கியது. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து சாக்கடையும் டீசலும் அழுகிய தென்னை நாரும் கலந்த வாடை மேலே வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகப் பழகிப்போன வாடை. அடித்தளத்தில் மூழ்கிக் கிடந்த கார்களில் ஏதோ ஒன்றின் ஹாரன் தானாக அழுந்தி, தண்ணீருக்குள்ளிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற ஆளைப்போல விடாமல் முனகிக்கொண்டிருந்தது. சுவர்கள் வியர்த்திருந்தன. கைப்பிடிக் கம்பி ஈரம். இரண்டாவது மாடித் திருப்பத்தில், அந்த வாடைகளுக்கெல்லாம் நடுவே, மெல்லிய நூல்போல வேறொன்று வந்தது. தேங்காய் வாசனை. சமையல் தேங்காய் இல்லை. வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் கிரீம். அந்த டியூபைக் குப்பையில் போட்டு ஒரு வருடம் ஆகிறது.

அவன் நின்றான். சொர்ணமும் நின்றாள். மேலே, ஒரு திருப்பம் பின்னால், இன்னும் இரண்டு காலடி எடுத்துவைத்துவிட்டு எதுவோ நின்றது.

வெறுங்கால். ஈரக்கால்.

"மேல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். குரல் எதிரொலித்து அவனிடமே வந்தது.

"நம்ம மாடியில நாம மட்டும்தானே மாப்பிள்ளை." சொர்ணம் சாதாரணமாகச் சொன்னாள். மூச்சு மட்டும் வேகமாக இருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். அவர்கள் இன்னும் மிதிக்காத கீழ்ப்படிகளில் கால் தடங்கள் இருந்தன. மேலே ஏறி வந்தவை. ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம் மணல். பெங்களூரு மண் சிவப்பு. தண்ணீர் கொண்டுவந்து ஒதுக்கியிருந்த சேறு கறுப்பு. இது வெள்ளை. பல்பொடிபோல வெள்ளை.

ஹாரன் நின்றது.

முதல் மாடித் திருப்பத்தில் வெளிச்சம் இருந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த வழியாக ஆரஞ்சு நிற ரப்பர் படகைப் படிக்கட்டுவரை கொண்டுவந்திருந்தார்கள். மாநகராட்சிக்காரர் நாகேஷ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்ரீராம்புரத்துத் தமிழர் என்று தானே சொன்னார். படகில் ஏற்கெனவே நாலு பேர். முதல் மாடி கிளிஃபர்ட், அவர் மனைவி மௌரீன், இரண்டாம் மாடியிலிருந்து மகாவும் அவள் கணவனும்.

"ஆராமா வாங்கம்மா. பயப்படாதீங்க, ஆழம் ஜாஸ்தி இல்ல," என்று சொர்ணத்தைக் கைபிடித்து இறக்கினார் நாகேஷ்.

"இருபது வருஷமா டிராஃபிக்ல நின்னேன்," என்றார் கிளிஃபர்ட். "இன்னிக்குத்தான் ரோடு காலியா இருக்கு மேன்."

"வாயை மூடிக்கிட்டு நடுவுல உக்காரு கிளிஃப். உன் வெய்ட்டுக்கு எல்லாரும் கவுந்துடுவோம்," என்றாள் மௌரீன்.

மகா சிரித்தாள். மனிதர்கள். வெளிச்சம். சிவசங்கரனுக்கு மூச்சு வந்தது. ஓரமாக உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு பக்கம் சொர்ணம். மறுபக்கம் படகின் பின்முனைவரை கொஞ்சம் காலி இடம்.

நாகேஷ் ஒரு ஈரக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் எண்ணினார். "ஒந்து, எரடு, மூரு..."

"தண்ணி மேல ஒண்ணுன்னு எண்ணாதப்பா," என்றாள் சொர்ணம். "எந்த பாஷையிலயும் எண்ணாத. லாபம்னு சொல்லு."

"எங்கம்மாவும் இதையேதான்மா சொல்லும்." நாகேஷ் சிரித்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். விரல் படகின் பின்முனைக்குப் போனது. காலி இடத்தில் நின்றது. "லாபம்." சிவசங்கரனிடம் வந்தது. "ரெண்டு." சொர்ணத்திடம். "மூணு." கிளிஃபர்ட், மௌரீன், மகா, அவள் கணவன். "ஏழு."

காகிதத்தைப் பார்த்தார். "லிஸ்ட்ல ஆறு பேர்தானே?"

"உன்னையும் சேத்து எண்ணிட்டே மேன்," என்றார் கிளிஃபர்ட்.

"இல்ல சார். என்னை எண்ணல."

நாகேஷ் நெற்றியைச் சொறிந்தார். பிறகு சிவசங்கரனைப் பார்த்தார். சாதாரணமாக, சிநேகமாக, வேலையை முடித்துக்கொள்கிற ஆள் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் ஏறியாச்சா சார்?"

அவன் படிக்கட்டைப் பார்த்தான். மேலே, இருட்டில், ஒரு காலடி. இன்னொன்று. நிதானமாக. இல்லை என்று சொன்னால் நிற்பார்கள். ஒரு நிமிடம் நிற்பார்கள். அது போதும். வேன் படியில் கால் வைத்து நின்றது ஞாபகம் வந்தது. வந்துட்டே இருக்கா. வந்துட்டே இருக்கா.

இன்னொரு காலடி.

"ஏறியாச்சு," என்றான்.

சொர்ணம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முகத்தை அல்ல, அந்த வாயை.

படகு ஜன்னலைத் தாண்டி வெளியே வந்தது. நாகேஷ் முன்னால் நின்று மூங்கிலால் தள்ளினார். கார்களின் கூரைகள் அடியில் மங்கலாகப் போயின. விளையாட்டுத் திடலின் சறுக்குமரத்தில் மேல்படி மட்டும் தெரிந்தது. நீரோட்டம் வாசல் கேட்டைப் பார்த்து இருந்தது. இலைகள், செருப்புகள், ஒரு கேஸ் சிலிண்டர், எல்லாம் அந்தப் பக்கமே மிதந்து போயின. கிளிஃபர்ட் ஏதோ சொன்னார். யாரோ சிரித்தார்கள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

பார்த்தான்.

ஜன்னல் ஓட்டைக்குக் கீழே, பழுப்புத் தண்ணீரில், ஓலைத் தொப்பி.

போலீஸார் எடுத்து வைத்துக்கொண்ட தொப்பி. அந்தமானில், ஏதோ ஓர் அறையில், கேஸ் நம்பர் சீட்டைக் கட்டி வைத்திருக்கிற தொப்பி. அது ஓட்டத்தோடு போகவில்லை. சுழலவில்லை. நேராக வந்தது. அதன் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளிம்பைச் சுற்றி ஏதோ கறுப்பாகப் பரந்திருந்தது. பாசி என்று நினைத்தான். பாசி இல்லை. முடி.

படகு வேகமாகப் போனால் வேகமாக வந்தது. நின்றால் நின்றது. நீந்தும் கை எதுவும் அசையவில்லை. தண்ணீர் கலங்கவில்லை.

"நாகேஷ்," என்றான். மூங்கில் தண்ணீரை அளையும் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை.

வேறு யாரும் திரும்பவில்லை.

கேட்டருகில் நாகேஷ் மூங்கிலை ஊன்றிப் படகைத் திருப்பினார். அப்போது தொப்பியைக் காணோம். தண்ணீர் தட்டையாக இருந்தது. அவன் தேடினான். இடது, வலது. எங்கும் இல்லை.

பக்கத்தில், பின்முனையில், படகின் ரப்பர் விளிம்பு மெல்ல அமுங்கியது. இரண்டு இடத்தில். இரண்டு கை அகலத்தில்.

தேங்காய் வாசனை.

சொர்ணம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் தெரிந்தவர்களுக்கு இடம் விடுவதுபோல நகர்ந்து, அவன் தொடையைப் பிடித்திழுத்து, அவனையும் தன் பக்கம் நகர்த்தினாள். நகர்த்தி, அவன் முதுகுக்குப் பின்னால் கை நீட்டினாள்.

"மெதுவா," என்றாள். அவனிடம் இல்லை.

படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு ஆள் எடைக்கு. பிறகு நேரானது. அவன் பேண்ட்டில் குளிர்ந்த ஈரம் ஏறியது. தொடையில். இடுப்பில். தோளில், ஒரு தலை சாய்கிற இடத்தில். உதட்டில் உப்புக் கரித்தது.

அவன் திரும்பவில்லை. சொர்ணத்தையே பார்த்தான். அவள் கை இன்னும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. எதையோ மெல்லக் கோதிக்கொண்டிருந்தது. முழங்கைவரை தண்ணீர் சொட்டியது. வெள்ளை மணல் ஒட்டியிருந்தது.

"இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை," என்றாள். "கடைசியா அவ என்ன சொன்னா?"

அவன் வாயைத் திறந்தான். பழகிய பதில் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், தினமும் காலையில் வேனுக்கு அவனை அனுப்பிவைக்கிற அதே குரலில், அவள் சொன்னதுதான் வந்தது.

"நீ போ. நான் பின்னாடியே வர்றேன்."